பின்னிணைப்பு நான்கு

பீன்யா இரண்டாம் கட்டம். முந்நூறு தையல் எந்திரங்கள்
ஒன்றாக மூச்சு வாங்கும் கூடத்தின் வாசலில்
காவலாளி என் பையைக் கொட்டிப் பார்த்தார்:
நாற்பது வினாத்தாள், இருபது நீலப் பேனா,
ஒரு டப்பா எலுமிச்சை சாதம்.
சாதத்தை மட்டும் சந்தேகப்பட்டார்.

என் ஆய்வுத் தலைப்பு நீளமானது.
மாதம்மாள் பாதியிலேயே கொட்டாவி விட்டு
"சுருக்கமா சொல்லு" என்றாள்.
"இங்க யார் பேச்ச யார் கேக்கறாங்கன்னு."
"அதுக்கா காலேஜு?"

மனிதவள அறைச் சுவரில் ஒரு மரம்
தலைகீழாக மாட்டியிருந்தது.
உச்சியில் வேர்; பொது மேலாளர் என்று பெயர்.
கீழே வர வரக் கிளைத்து
கடைசிக் கட்டத்தில் பெயர் தீர்ந்துபோய்
இயக்குநர்கள்: 312.
எந்திரம் இயக்குபவர்கள் என்று
நானாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று முதல் ஐந்துக்குள் வட்டமிடுக.
மேற்பார்வையாளர் என் கருத்தை மதிக்கிறார்.
மூன்று.
பணியிடத்தில் பாதுகாப்பாக உணர்கிறேன்.
மூன்று.
இலக்கை நிர்ணயிப்பதில் எனக்கும் பங்குண்டு.
மூன்று, மூன்று.
நாற்பது தாளிலும் நட்டநடுவே
ஒரே நேர்த்தையல்.

பேராசிரியர் ஹெப்பார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"நடுப்போக்குப் பிழை, கேள்வியை மாற்று" என்றார்.
கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு
கேட்கும் இடத்தை மாற்றினேன்.

ஐந்தரைக்கு லைன் நிற்கும்.
ஜாலஹள்ளி கிராஸ் பேருந்தில்
காசில்லா டிக்கெட்டை விரலில் சுருட்டியபடி
ஜுனு ஒடியாவில் எதையோ முறையிட,
சௌடம்மா கன்னடத்தில் திட்ட,
மாதம்மாள் தருமபுரித் தமிழில் தீர்ப்புச் சொன்னாள்.
மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது
எனக்கு மட்டும்தான்.

ஜுனுவுக்கு ஏழாம் மாதம்.
மணிக்கு எண்பத்தைந்து காலர் என்பது இலக்கு.
அவளால் அறுபதுதான் முடியும்.
ஆனாலும் பலகையில் அவள் பெயருக்கு நேரே
எண்பத்தைந்து என்றே எழுதியிருக்கிறது, இரண்டு மாதமாக.
முன் மேசையிலிருந்து பத்து,
பின் மேசையிலிருந்து பதினைந்து
கட்டோடு கட்டாக நகர்ந்து வரும்.
மேலாளர் படியேறினால்
கத்தரிக்கோல் மேசையில் இருமுறை தட்டும்.

"நாகபூஷணுக்குத் தெரியாதா?"
"சூப்பர்வைசரா? நம்ம சீட்டுல அவன் ஒம்பதாவது ஆளு.
பொண்ணு ஃபீஸுக்கு மொத ஏலமே அவன்தான் எடுத்தான்."

வினாத்தாளைத் திருப்பி
குலுங்கும் பேருந்தில் அவளே வரைந்தாள்.
புள்ளிகள், முதலெழுத்துகள்,
யார் யாருக்குக் கைமாற்று,
யார் வீட்டில் யார் பிள்ளை தூங்கும்.
நடுவில் தன்னை வைப்பாள் என்று நினைத்தேன்.
ஹனுமக்காவை வைத்தாள்.
கழிவறை கழுவும், ஒப்பந்தக்கார ஆள்.
சுவர் மரத்தில் அவளுக்கு இலைகூட இல்லை.
"அங்கதான் கேமரா கிடையாது" என்றாள்.
"எல்லாச் சேதியும் அவளைத் தாண்டித்தான் போகணும்."

ஹெப்பார் அதைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.
"இதுதான் உன் ஆய்வு! மற்றதெல்லாம் காகிதம்."
ஆலைக்குள் விட்டதற்கு ஒரு நிபந்தனை இருந்தது:
ஆய்வேட்டின் ஒரு பிரதி
மனிதவள மேலாளரின் மேசைக்குப் போக வேண்டும்.
கையெழுத்துப் போட்டவள் நான்.

அன்றிரவு விடுதியில்
அந்தத் தாளை எட்டாக மடித்தேன்.
எங்கே வைத்தேன் என்பது
இந்தக் கவிதையிலும் இல்லை.

வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் விரல் நக்கிப் புரட்டி
"பொருளடக்கத்தில் பின்னிணைப்பு நான்கு இருக்கிறது,
உள்ளே காணோமே?" என்றார்.
"அச்சுப் பிழை, ஐயா."
ஹெப்பார் ஜன்னலைப் பார்த்தார்.
சிறு திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது.

வெளியே வந்ததும் அலுவலக எழுத்தர்
ஒரு படிவம் நீட்டினார், கட்டாயமாம்.
என் நெறியாளர் என் கருத்தை மதிக்கிறார்.
ஒன்று முதல் ஐந்துக்குள்.

பேனா நுனி ஐந்துக்குப் போய்,
இரண்டுக்கு வந்து,
மூன்றில் வட்டமிட்டது.

இருபதில் எனக்குத் திரும்பி வந்தது
அந்த ஒரு நீலப் பேனாதான்.